பத்துப் பிள்ளைகளும் ஒரு மாநாடும்



கல்வி மாநாடுகளில் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சி எந்த இடத்தில் வரும் என்று இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வரவேற்புரைக்கு முன்னால் வரும். அல்லது சிறப்பு விருந்தினரின் கார் தாமதமானால், அந்த இடைவெளியை நிரப்ப வரும். கார் வந்துவிட்டால் பாட்டு சரணத்தோடு நின்றுவிடும். கட்டுரை வாசிப்பவருக்கு இருபது நிமிடம், அதன்மேல் கேள்விக்கு ஐந்து நிமிடம் என்று நிரலில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆளுக்கொரு பேனா கொடுத்து, பின்பக்கம் டீ குடிக்க அனுப்பிவிடுவோம்.

இன்று நான் சொல்ல வந்தது இது தலைகீழாக நடந்த ஒரு மாநாட்டைப் பற்றி. 1964 மார்ச் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். 1907இல் தொடங்கிய இசைக் கல்வியாளர்களின் தேசிய அமைப்பு அங்கே கூடியிருந்தது. பள்ளிக்கூட இசை ஆசிரியர்களின் மிகப் பெரிய சங்கம் அது. அங்கே ஜப்பானிலிருந்து பத்துப் பிள்ளைகள் வந்து வயலின் வாசித்தார்கள். சின்னது ஐந்தாறு வயது, பெரியது பதின்மூன்று பதினான்கு. அவர்களை அழைத்து வந்தவர் ஷினிச்சி சுசுகி. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. மோட்டார் சைக்கிள் சுசுகி வேறு, இவர் வேறு. பெயர்தான் ஒன்று.

அந்தப் பிள்ளைகள் வாசித்துவிட்டுப் போனபின் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் முறையே மாறத் தொடங்கியது. அன்றைக்கு அங்கே என்னென்ன ஆய்வுக் கட்டுரைகள் வாசித்தார்கள் என்பதை இன்று யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

ஏன் அப்படி ஒரு தாக்கம்? அந்த ஆசிரியர்களின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. மறு ஆண்டே அமெரிக்க அரசு பள்ளிகளில் அறிவியலுக்கும் கணக்குக்கும் அயல்மொழிக்கும் பணத்தைக் கொட்டச் சட்டம் போட்டது. இசை ஆசிரியர்களுக்குத் தங்கள் பாடவேளை எத்தனை நாள் தங்குமோ என்ற பயம். அதற்கு மேல் வயலின்காரர்களுக்குத் தனிக் கவலை. பள்ளிகளில் ஊதுகருவி பேண்டு வாத்தியங்களுக்குப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். கால்பந்து மைதானத்தில் சீருடையோடு வாசிக்கலாம். வயலினுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. இசைக்குழுக்களுக்கு நாளைக்கு ஆள் கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. வயலின் கற்க ஒன்பது, பத்து வயதாவது ஆக வேண்டும், அதற்கும் பிறவித் திறமை இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோரின் எண்ணம்.

அந்த நேரத்தில் மூக்கொழுகும் வயதில் ஒரு குழந்தை மேடையேறி, கால் இரண்டையும் சரியாக அகட்டி வைத்து, வணங்கிவிட்டு, தாளே பார்க்காமல் வாசித்தால் என்ன ஆகும்?

இதில் எனக்குப் பிடித்த ஒரு விநோதம் உண்டு. சுசுகியின் முதல் சிறு மாணவர் தோஷியா எத்தோ. 1930களின் தொடக்கத்தில் நாலு வயதுப் பிள்ளையாக அவரை அப்பா கொண்டுவந்து விட்டார். இத்தனை சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்த இடத்தில்தான் சுசுகிக்குத் தன் வழி புலப்பட்டது என்பார்கள். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள் அல்லவா? மொழி வராத குழந்தை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லையே? கேட்டுக் கேட்டு, தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லி, அம்மா சிரிக்க, மறுபடி சொல்லி வருவதுதானே பேச்சு? இசையும் அப்படி வரக்கூடாதா? இதுதான் அவர் கேட்டது. அந்த எத்தோ வளர்ந்து 1948இல் அமெரிக்கா போய், இதே பிலடெல்பியாவில், புகழ்பெற்ற கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்தார். பிறகு அங்கேயே 1961 வரை ஆசிரியராக இருந்தார். அதாவது சுசுகியின் மிகச் சிறந்த விளைச்சல் அந்த ஊரிலேயே பல ஆண்டுகள் நடமாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எந்தப் பள்ளி ஆசிரியரும் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. வளர்ந்த ஒரு வித்வானைப் பார்த்தால் 'வரப்பிரசாதம்' என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் அப்படித் தப்ப முடியாது.

ஆனாலும் பிலடெல்பியா மேடை முதல் சாட்சி அல்ல. சிறந்த சாட்சியும் அல்ல என்பது என் கருத்து. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 1958 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் தந்தி வாத்திய ஆசிரியர்கள் சிலர் கூடினார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த கென்ஜி மொச்சிசூகி என்ற ஜப்பானிய இளைஞர் தம் நாட்டிலிருந்து ஒரு படச்சுருளை வரவழைத்திருந்தார். சில நிமிடமே ஓடும் படம். அதில் ஏறக்குறைய 750 பிள்ளைகள் ஒரு பெரிய அரங்கின் தரையில் நின்று பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவை வாசிக்கிறார்கள்.

அந்த உருப்படியைக் கேட்டவர்களுக்குத் தெரியும். டி மைனரில் அமைந்தது. முதலில் இரண்டாம் வயலின் தொடங்கும். நாலு அளவு போனபின், ஐந்தாவதில் முதல் வயலின் அதே வரியைப் பஞ்சமத்துக்கு உயர்த்தி எடுத்துக்கொண்டு நுழையும். அதற்குள் இரண்டாம் வயலின் வேறெங்கோ போயிருக்கும். பக்கத்தில் இருப்பவன் என்ன வாசிக்கிறானோ அதற்கு இழுபடாமல் தன் வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு பேர் வாசித்தாலே காது விழித்திருக்க வேண்டிய இடம். 750 பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாசிக்கிறார்கள்.

பத்துப் பேரைப் பார்த்து ஒருவர் சொல்லலாம்: ஒரு நாடு முழுக்கச் சலித்துப் பொறுக்கியெடுத்த பத்து முத்துக்கள். அது நியாயமான சந்தேகம்தான். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது யாரும் சுமாரான பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்று வாதிடுபவர் பொறுக்கியெடுத்த பத்துப் பேரைக் கூட்டி வருவதில் ஒரு முரண் இருக்கிறது. 750 பேரை அப்படிச் சொல்லித் தள்ள முடியாது. அந்தப் படத்தைப் பார்த்த ஓபர்லின் பேராசிரியர் கிளிஃபர்ட் குக் விடாமல் அதைப் பற்றிப் பேசினார். ஜான் கெண்டல் என்ற ஆசிரியர் 1959இல் நேரில் பார்த்துவிட ஜப்பானுக்கே போனார். அவர்கள் வேலைதான் 1964 மேடையைச் சாத்தியமாக்கியது. மேடையில் கை தட்டுகிறோம். மேடைக்குக் கொண்டுவந்தவர்களின் ஆறு வருடக் கடிதப் போக்குவரத்தை யாரும் பார்ப்பதில்லை.

சரி, அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

சுசுகியின் அப்பா மசாகிச்சி நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தினார். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய வயலின் தொழிற்சாலைகளில் ஒன்று. மகன் பெட்டி அடுக்கி, கணக்குப் பார்த்து வளர்ந்தவர். பதினேழு வயதில் மிஷா எல்மன் வாசித்த ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' இசைத்தட்டைக் கேட்டபின்தான் அந்த மரப்பெட்டிக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று தெரிந்ததாம். தானே கற்றுக்கொண்டு, 1920களில் பெர்லின் போனார். அங்கே அவர் படித்ததைப் பற்றிப் பிற்காலத்தில் சர்ச்சைகள் எழுந்தன. அவற்றுக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மிகத் தாமதமாகத் தொடங்கி, அதன் வலியை விரலில் உணர்ந்தவர் அவர். போர்க்காலத்தில் தொழிற்சாலை கடல்விமானத்துக்கு மிதவை செய்யத் திரும்பியது. மரம் தேடி அவர் கிசோ-ஃபுகுஷிமா என்ற மலையூருக்குப் போனார். போர் முடிந்ததும், 1946இல், மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோவில் பள்ளி தொடங்கியது. தோற்றுப்போன நாடு. சோற்றுக்கே பஞ்சம். அந்த நேரத்தில் வயலின் பள்ளி! அதற்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அங்கே முதல் பாடம் பிள்ளைக்குக் கிடையாது. அம்மாவுக்கு. பிள்ளைக்கு ஏற்ற குட்டி வயலினையே அம்மா கையில் கொடுப்பார்கள். வீட்டிலும் அம்மாதான் வாசிப்பாள். பிள்ளை வந்து இழுக்கும்: "எனக்குக் கொடு." உடனே கொடுக்கமாட்டார்கள். சில நாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்க்கவிட்டு, வேண்டும் வேண்டும் என்று அது தவித்தபின் கொடுப்பார்கள். இதற்கிடையே வீட்டில் தினமும் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை விளையாடும்போதும் சாப்பிடும்போதும் அது வாசிக்கப் போகும் பாட்டே ஒலிக்கும். ஆகவே வில்லைத் தொடும் நாளில் பாட்டு ஏற்கெனவே காதில் குடியேறியிருக்கும். நம்மூரில் கேள்வி ஞானம் என்கிறோமே, அதை ஒழுங்கான பாடத்திட்டமாக்கினார் என்று சொல்லலாம்.

குட்டி வயலின் என்றேன். முழு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம். மூன்று வயதுப் பிள்ளைக்கு 1/16 என்று எண்ணிட்ட வயலின் கொடுப்பார்கள். பதினாறில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்; அதன் உடல் 9 அங்குலம் இருக்கும். தோளுக்கும் தாடைக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு கையை விட்டுவிட வேண்டும். விழாமல் நிற்கிறதா? சபாஷ். அடுத்த வாரம்தான் வில். காகிதத்தில் பாதங்களை வரைந்து அதன்மேல் நிற்கச் சொல்வார்கள். வணக்கத்துக்குக் கால் சேர்த்து, வாசிப்புக்கு ஒரு காலைத் தள்ளி. முதல் உருப்படி நம் குழந்தைகள் மழலையர் வகுப்பில் பாடும் 'டுவிங்கிள் டுவிங்கிள்' மெட்டுத்தான். அதை அப்படியே வாசிக்கக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் 'தகதக தா தா' என்ற நடையில் துண்டு துண்டாக, வில்லின் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளம் மட்டும் பயன்படுத்தி வாசிக்க வேண்டும். இப்படிப் பல நடைகள் முடிந்த பிறகே மெட்டு முழுசாக வரும். நீளமாக வில் இழுப்பது சின்னக் கைக்குக் கஷ்டம்; குட்டையாக வெட்டி வாசிப்பது எளிது. எது எளிது என்பதைப் பெரியவரின் கண்ணால் பார்க்காமல் பிள்ளையின் முழங்கையால் பார்த்தார் என்பதுதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம். நம் சரளி வரிசையும் இப்படி யாரோ ஒருவர் கையைப் பார்த்து, குரலைப் பார்த்து அமைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

முழுப் பாடத்திட்டம் பத்துப் புத்தகம். பாக்கின் அந்த இரட்டை வயலின் உருப்படியில் இரண்டாம் வயலின் பகுதி நாலாம் புத்தகக் கடைசியில் வருகிறது, முதல் வயலின் பகுதி ஐந்தாம் புத்தகக் கடைசியில். கடைசிப் புத்தகங்கள் மோட்சார்ட். ஆக, ஓபர்லினில் ஆசிரியர்கள் வாய்பிளந்து பார்த்தது பாதி வழியில் இருந்த பிள்ளைகளை!

1964 சுற்றுப்பயணத்தில் பிள்ளைகள் ஜூலியார்ட் உட்படப் பல இடங்களில் வாசித்தார்கள். போன இடமெல்லாம் வியப்பு, கண்ணீர். ஏற்கெனவே 1961இல் தோக்கியோவில் 400 பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு, செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் மேடையேறி அழுதிருக்கிறார். பிலடெல்பியா கூட்டம் முடிந்து வீடு திரும்பிய ஆசிரியர்கள் அடுத்த கல்வியாண்டில் சுசுகி வகுப்புத் தொடங்கினார்கள். இங்கேதான் நான் நிறுத்திப் பேச விரும்புகிற இடம் வருகிறது.

அவர்கள் மேடையில் பார்த்தது பிள்ளைகளை. மேடையில் இல்லாதவர்கள் அம்மாக்கள். தினமும் வீட்டில் ஓடிய இசைத்தட்டு மேடையில் இல்லை. குட்டி வயலின்களைச் செய்து தள்ளிய தொழிற்சாலை மேடையில் இல்லை. மட்சுமோட்டோவில் பிள்ளையோடு கூட வந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஆசிரியராக மாறும் அம்மா அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் காலை பத்து மணிக்கு எங்கே இருப்பாள்? வகுப்புக்கு முப்பது பேர், வாரத்தில் இரண்டு நாள், அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒன்றாக வாசிக்கவைப்பதைப் பிரதி எடுப்பது சுலபம். அதுதான் கண்ணில் பட்டது. ஜப்பானிலோ கூட்டு வாசிப்பு கூடுதல் வகுப்பு; அடிப்படை தனி வகுப்பு, அதிலும் அடிப்படை வீடு. கெண்டல் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு அமெரிக்கப் பள்ளிக்குப் பொருந்துமாறு புத்தகங்களை மாற்றி அமைத்தார். மற்றப் பலர் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு "எல்லாப் பிள்ளையும் ஒரே அச்சில் வாசிக்கிறது, இயந்திரம் மாதிரி" என்று குறை சொன்னார்கள். தாளைப் பார்த்து வாசிக்கத் தெரியவில்லை என்று பள்ளி இசைக்குழு ஆசிரியர்கள் புகார் செய்தார்கள். இரண்டாவது புகாரில் நியாயம் உண்டு. பேசத் தெரிந்தபின் எழுத்து என்று சுசுகி வைத்த வரிசை சரி. எழுத்துக்கு எப்போது வருவது என்பதில் பல ஆசிரியர்கள் காலம் கடத்தினார்கள். நம் பக்கத்திலோ தாள் இல்லாமல் வாசிப்பதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். பாலுசாமி தீட்சிதர் மணலியில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்த காலம் தொட்டு, அந்த வாத்தியம் இங்கே காது வழியாகத்தான் தலைமுறை தாண்டியிருக்கிறது.

அந்தப் பத்துப் பேர் பிற்பாடு என்ன ஆனார்கள்? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ர்யூகோ ஹயானோ, அப்போது பன்னிரண்டு வயது. வளர்ந்து வயலின் வித்வானாகவில்லை. இயற்பியலாளரானார், தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருளைப் பற்றிய சோதனைகளை நடத்தினார். 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது கதிர்வீச்சு அளவுகளை மக்களுக்குப் புரியும்படி தொடர்ந்து சொன்னவர்களில் அவரும் ஒருவர். பிறகு சுசுகி தொடங்கிய அமைப்புக்கே தலைவராக வந்தார். தான் வித்வான்களை உற்பத்தி செய்யவில்லை என்று சுசுகி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீடு இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பதில் நியூயார்க்கில் கிடைத்தது. ரோபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை, கையில் 50 வயலின்களோடு, 1980களின் தொடக்கத்தில் கிழக்கு ஹார்லெம் பகுதி அரசுப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. சுசுகி முறையைத் தழுவிய பாடம். ஆனால் பள்ளி நேரத்திலேயே, தினசரி ஒழுங்கைத் தானே கட்டி எழுப்பி. சேர விரும்பும் பிள்ளைகள் அதிகமானபோது திறமைச் சோதனை வைக்கவில்லை, குலுக்கல் போட்டார். சுசுகியின் நம்பிக்கையை இதைவிட நேர்மையாக யாரும் சோதித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1991இல் நகர நிர்வாகத்துக்குப் பணமுடை. வயலின் வகுப்பை வெட்டினார்கள். 1993இல் கார்னகி அரங்கில் நிதி திரட்டும் கச்சேரி நடந்தது. ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் போன்றவர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்று வாசித்தார்கள். வகுப்பு பிழைத்தது. இதைப் பின்னால் மெரில் ஸ்ட்ரீப் நடித்துப் படமாகவும் எடுத்தார்கள்.

பிலடெல்பியாவில் பிள்ளைகள் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனையைக் காட்டப் போனார்கள். கார்னகியில் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையின் சம்பளத்தைச் சம்பாதிக்கப் போனார்கள். நாம் 'இலவச நிகழ்ச்சி' என்று நோட்டீஸில் போடும்போது உள்ளே வருபவருக்குத்தான் இலவசம். வயலின் வாங்கியது யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்ற செலவுக் கணக்கு வேறு எங்கோ ஒரு வீட்டிலோ ஓர் ஆசிரியரின் பையிலோ இருக்கிறது. மாநாட்டில் வாசிக்க வேண்டிய கட்டுரை அந்தக் கணக்குத்தான்.

மறுபடி சுசுகியின் மேடைக்கு வருகிறேன். அவர் பிள்ளைகளை மேடையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஏதாவது கேட்பார். உனக்கு எத்தனை கால்? இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? பிள்ளைகள் வில்லை நிறுத்தாமல் கத்திப் பதில் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, ஆசிரியர்களுக்கு அது சோதனை. பாட்டு உடம்பில் இறங்கியிருக்கிறதா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு நினைவில் பிடித்திருக்கிறதா என்பது ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

சுசுகி பிள்ளைகளின் பெரிய கச்சேரிகளில் நிரலின் வரிசை இன்னொரு விஷயம். நாம் எளிய பாட்டில் தொடங்கிக் கனமான உருப்படிக்குப் போவோம். கடைசியில் மூத்த மாணவி ஒருத்தி மட்டும் மேடையில் இருப்பாள். அங்கே முதலில் கடினமான கான்செர்ட்டோ, மேடையில் சிலர். அடுத்தது அதைவிடச் சற்று எளிது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள், முன்னால் வாசித்தவர்கள் போகமாட்டார்கள். இப்படி ஒவ்வொரு உருப்படிக்கும் மேடை நிரம்பிக்கொண்டே வரும். வருகிறவர்களின் உயரம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் 'டுவிங்கிள்', எல்லோரும் சேர்ந்து. நேற்றுத்தான் வில் பிடித்த பிள்ளைக்கும் மோட்சார்ட் வாசித்த பிள்ளைக்கும் அந்த நேரத்தில் ஒரே வேலை. பார்வையாளருக்கும் ஒரு பலன் உண்டு: வளர்ந்த பிள்ளை எந்தப் படிகளில் ஏறி வந்தது என்பது, பின்பக்கமாக, ஒரு மணி நேரத்தில் கண்முன் விரிந்துவிடும்.

ஆகவே அமைப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மாநாட்டில் இசைப் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதானால் நிரலைத் திருப்பிப் போடுங்கள். மூன்று மாதம் மட்டுமே கற்ற பிள்ளைகளும் மேடையில் இருக்கட்டும். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. கச்சேரி முடிந்ததும் பிள்ளைகளின் அம்மாக்களையும் அப்பாக்களையும் முன்னால் உட்காரவைத்துக் கட்டுரையாளர்களுக்குத் தரும் அதே ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தை அவர்களுக்கும் தாருங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்பதை முதல் கேள்வியாக நானே கேட்கிறேன். சிறப்பு விருந்தினர் நடுவில் வந்தால் அவர் பின்வரிசையில் உட்காரலாம். மேடை மட்டும் இதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டியிருக்கும். பந்தல்காரரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.